பத்து நிமிடக் கோணல்

அன்பு மகள் ரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. நான் நலம், நம் கோழிகள் நலம், அப்பா நலமா என்பதை நீதான் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, முழுதும் படித்துவிட்டுப் பயப்படு. போனில் பேசலாம்தான், ஆனால் போன் அவர் சட்டைப் பையில் கிடக்கிறது, நான் உன்னோடு பேசினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அதுவும் போக நான் வாயால் எதைச் சொன்னாலும் நீ விளையாட்டு என்பாய், உன் கட்டிலில் சிறுத்தை படுத்திருக்கிறது என்று போன மாதம் சொன்னவள்தானே நான். அதனால் அஞ்சாவதோடு நின்ற கையால் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு ஷண்முகப்ரியா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள்.

நேற்று சாயங்காலம் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நடந்தது. அப்பா தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தி மூட்டைக்கும் கிலோவைக் கத்திச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். மருதாம்பாள் அக்கா மூட்டையை மாட்டியதும் இருபத்திநாலு என்று சொல்ல வந்தவர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குழறினார். வலதுபக்கம் வாய் கீழே இறங்கியிருந்தது, கையிலிருந்த பேனா விழுந்தது, எடுத்தார், மறுபடி விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஏனுங்க, பொழுது சாயறதுக்குள்ளயே ஏத்திட்டு வந்துட்டீங்களா என்று கேட்டேன். வரிசையே சிரித்தது, அவரும் பாதி வாயால் சிரித்தார், அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையடி. பனி அடிச்சிருச்சு, காதைக் கட்டுங்க என்று மருதாம்பாள் அக்கா தன் மப்ளரைக் கழற்றிக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகி, விட்ட இடத்திலிருந்து கிலோ சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைக்கும்போதுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்தால் முகம் கோணும், கை விழும், பேச்சு குழறும், உடனே மணியைப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருப்பாய். அடைப்போடு முடியாது, அப்புறம் மூளை புண்பட்ட இடம் மாதிரி வீங்கிப் பக்கத்தில் நன்றாயிருப்பதையும் கெடுக்கும், அதை அடக்கத்தான் லேபில் எலிகளோடு மல்லுக்கட்டுகிறேன் என்றாய். நான் எலிக்கு வைத்தியம் பார்க்க ஏரோப்ளேன் ஏறிப் போனவள் என் மகள் என்று நம் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். உன் எலிக்கு வருவது என் வீட்டு மனுசனுக்கும் வரும் என்று தோன்றவே இல்லை. மணியும் பார்க்கவில்லை.

அப்போதிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறேன், வரமாட்டேன் என்கிறார். பெருசா இருந்தா நீ சிரிச்சிருப்பியா, நீயே சிரிச்சியே என்கிறார். புள்ளைக்குத் தெரிஞ்சா எலியெல்லாம் போட்டுட்டு ஓடியாந்துரும், மூணு வருசப் பாடு வீணாப் போயிரும் என்கிறார். இதோ வாசல் வெயிலில் உட்கார்ந்து கேரட் நறுக்குகிறார், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரைமணிக்கு ஒருதரம் போய் அவரைச் சிரிக்க வைக்கிறேன், வாய் இரண்டு பக்கமும் ஏறுகிறதா என்று பார்க்கத்தான். சூப்பர்வைசர் வசந்தகுமார் அட்டைப்பூச்சிக்குப் பயந்து குதித்ததை மூன்று தடவை நடித்துக் காட்டிவிட்டேன். என்னடி இன்னிக்கு இத்தனை குஷி என்று கேட்கிறார். சிரிப்புச் சரக்கு தீர்ந்துவிட்டது ரஞ்சனி.

சாயங்காலம் வரை இராதே, பார்த்த உடனே அவரைக் கூப்பிடு. குன்னூருக்கு ரெண்டு மணிக்கு பஸ், அதை விட்டால் நான் ஜீப்புக்குச் சொல்லிவிடுவேன். நான் சொன்னதாகச் சொல்லாதே என்று எழுத நினைத்தேன், வேண்டாம், அம்மாதான் சொன்னாள், அம்மா சிரித்தது தப்பு என்று நீயே சொல், அப்போதுதான் கிளம்புவார். அழாதே, ஆபீசர் மாதிரி பேசு. நீ ஓடி வரவும் வேண்டாம். ஆதார், பழைய பிரஷர் மாத்திரை அட்டை, மப்ளர் எல்லாம் பையில் வைத்துவிட்டேன், அவர் செருப்பு போடுவதுதான் பாக்கி.

நீயும் உன் எலிகளும் நூறு வருசம் நன்றாயிருக்க வேண்டும், உன் கை பட்டது குணமாக வேண்டும். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே.

இப்படிக்கு,
சிரித்துத் தொலைத்த உன் அம்மா
ரேணுகா

இப்போதும் ஒருதரம் சிரித்தார், இரண்டு பக்கமும் ஏறியது. மணி பன்னிரண்டு பத்து. இந்தத் தடவை பார்த்துவிட்டேன்.