டப்பாவில் இருப்பது உன் முகம்

வோலோஸ்,
பிப்ரவரி 6

அன்புத் தங்கை பொலிக்ஸேனிக்கு,

அக்கா எவாந்தியா எழுதுவது. மெல்போர்னில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க தேவமாதா அருளட்டும். நானும் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

ஆறு வருஷம் பேசாதவள் எழுதுகிறாளே, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். ஆமாம், ஆக வேண்டியிருக்கிறது.

அப்பா எள் ஹல்வா ஆலையை எனக்கும், டப்பாவில் உள்ள வியாபார முத்திரையை உனக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த முத்திரையான, ஐந்து வயதில் எடுத்த உன் படத்தை, உன்னோடு போட்ட ஒப்பந்தத்தின் பேரில்தான் ஒட்டி விற்கிறேன். டிசம்பரில் எள் வறுக்கும் இயந்திரம் படுத்துவிட்டது. தவக்காலம் நெருங்குகிறது, இறைச்சியும் பாலும் விலக்கி ஊரே ஹல்வா தின்னும் அந்த நாற்பது நாள்தான் நம் வியாபாரமே. கடன் கேட்டுப் போனேன். நம் பழைய கட்டடத்தைப் பார்த்து பேங்க் மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். ‘ஆனா அந்தக் குட்டிப் பொண்ணு படத்துக்கு நல்ல மதிப்பு இருக்கும்மா’ என்றார். அந்தப் படத்தைப் போட்டு விற்கும் உரிமையை அடமானம் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. மாட்டேன் என்பாயோ என்று பயம். உன்னிடம் போய்க் கேட்பதா என்ற வீம்பு அதைவிடப் பெரிது.

நேற்று பேங்க் வக்கீல் கூப்பிட்டு, நம் ஒப்பந்தத்தில் ஒன்பதாவது ஷரத்தைக் காட்டினார். உன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அடமானம் வைத்தால் நீ ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாமாம். ‘இன்னொருத்தர் பொருள இப்படியா தூக்கி வைப்பீங்க?’ என்று கேட்டார். ‘அவ இன்னொருத்தி இல்ல, என் தங்கச்சி’ என்று கத்திவிட்டேன். ‘அப்ப தங்கச்சி கையெழுத்தக் கொண்டாங்க, இருபதாம் தேதிக்குள்ள’ என்றார். வராவிட்டால் மொத்தக் கடனையும் அன்றே கேட்பார்கள். ஆலையை மூட வேண்டியதுதான். பதினாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நீ சம்மதித்து, நான் தவணை கட்டத் தவறினால், பேங்க் அந்த உரிமையை வேறு யாருக்கும் விற்கலாம். லாரிசா ஊர் ஹல்வா வியாபாரி ஒருவன் இப்போதே விசாரித்துவிட்டுப் போனானாம். அவன் ஹல்வாவில் எள்ளைவிடச் சர்க்கரைதான் அதிகம். அதன் மேல் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்காது.

இன்று காலை ஒரு டப்பாவை எடுத்து வெகுநேரம் பார்த்தேன். கேமராவைக் கண்டு நீ அழுதாய் என்று நான்தான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டேன். அப்பா படத்திலிருந்து என்னை வெட்டியெடுத்துவிட்டார், கை மட்டும் உன் தோளில் தங்கிவிட்டது. ஊரில் எல்லாரும் அதை ரிப்பன் என்று நினைக்கிறார்கள்.

சம்மதப் பத்திரத்தை இத்துடன் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கையை மட்டும் தட்டிவிடாதே.

உன் அக்கா,
எவாந்தியா