மூன்றாவது கம்பி

வைமேயா, ஹவாய்,
4 மார்ச் 1997

உலகம் போற்றும் லோபாகாவுக்கு,

நீ அனுப்பிய இசைத்தட்டு வந்து சேர்ந்தது. அட்டைப் படத்தில் இலைமாலையும் வெறுங்காலுமாக எரிமலைப் பாறைமேல் நிற்கிறாய். உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான். மணல் சுடுகிறதென்று கடற்கரையில்கூட நீ செருப்பைக் கழற்றியதில்லை. படம் பிடித்தவனுக்கு என் அனுதாபங்கள்.

நானும் என் அண்ணன் பிலிபோவும் உட்கார்ந்து கேட்டோம். முதலில் உன் கிதார் நன்றாகத்தான் ஆரம்பித்தது. மூச்சு விடுவதற்குள் ஆப்பிரிக்க மத்தளம் வந்தது, பின்னாலேயே வங்காளத்துப் புல்லாங்குழல் வந்தது, அதற்கும் பின்னால் யாரோ தொண்டைக்குள் உறுமினார்கள். பிலிபோ எழுந்துபோய் நிறுத்திவிட்டான். “பன்னிக்கறி, மீனு, அன்னாசி, ஐஸ்கிரீம் எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டி வச்சிருக்கான். இத எவன் திம்பான்?” என்றான். வெள்ளைக்காரர்கள் தின்கிறார்கள் போலிருக்கிறது. பரிசெல்லாம் கொடுத்திருக்கிறார்களாமே.

அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருப்பதையும் படித்தேன். “கஹெய்கி குடும்பத்தின் ரகசியச் சுதி, முதன்முறையாக உலகத்தின் காதுகளுக்கு.” கம்பியைத் தளர்த்திச் சுதி சேர்க்கும் வித்தையை இந்தத் தீவில் ஒவ்வொரு குடும்பமும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. எங்கள் அப்பா வெளியாள் வந்தால் கம்பிகளைக் கலைத்துவிட்டுத்தான் கிதாரைக் கீழே வைப்பார். நம் கல்யாணத்தன்று மருமகன் என்று உனக்குக் கொடுத்ததை நீ ஊர் ஊராகக் கூவி விற்கிறாய்.

அப்பா படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. உன் தட்டைப் போடச் சொன்னார். முழுக்கக் கேட்டுவிட்டு, “இன்னும் அதையேதான் வாசிக்கிறானா?” என்று சிரித்தார், இருமல் வரும்வரைக்கும். பாராட்டு என்று நீ எடுத்துக்கொள்ளலாம். உனக்கு அது பழக்கம்தானே.

லெய்மோமி

*

லிஸ்பன்,
19 மார்ச் 1997

அன்புள்ள லெய்மோமி,

பேனாவா சாட்டையா என்று தெரியாமல் எழுதும் கை உனக்கு அப்படியே இருக்கிறது. சந்தோஷம்.

கலக்கிறேன் என்கிறாய். உன் பாட்டனார் பண்ணைக்குக் கிதாரைக் கொண்டுவந்தவன் மாடு மேய்க்க வந்த மெக்சிகோக்காரன். நம் உகுலேலே என்கிற குட்டிக் கிதாரின் பாட்டி இதோ இந்த நாட்டிலிருந்துதான் கப்பலேறினாள். அன்றைக்கு ஒரு பிலிபோ எழுந்துபோய் நிறுத்தியிருந்தால் இன்றைக்கு உங்கள் குடும்பத்துக்குச் சுதியும் இல்லை, ரகசியமும் இல்லை, என்னைத் திட்ட உனக்குக் காரணமும் இல்லை.

நேற்றுத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. மீன் விற்கிற பெண் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு பாடினாள். சொல்லித் தருவாயா என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொல்லித் தந்தாள். யார் நீ, யார் மகன், எந்த ஊர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்ரா ஓரமாக உட்கார்ந்து மேசையில் தாளம் போட்டான். நீ திட்டினாயே, அந்த ஆப்பிரிக்க மத்தளம் அவன்தான். செனகல்காரன்.

ஏப்ரலில் ஹொனலுலுவில் வாசிக்கிறோம். வந்து பாடேன். உன் குரலுக்கு ஈடாக நான் எந்தத் தேசத்திலும் ஒன்றைக் கண்டதில்லை. இதை உன் அண்ணனிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

அப்பாவின் உடம்பைப் பற்றி எழுது.

லோபாகா

*

வைமேயா,
11 மே 1997

லோபாகாவுக்கு,

ஹொனலுலுவுக்குத் தந்தி கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் கொடுத்தேன். வந்தாய். அப்பாவின் காரியத்துக்குப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, வாத்தியக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தாய். தேவாலயத்தில் நீ கிதார்ப் பெட்டியைத் திறந்ததும் பிலிபோ மூடிமேல் கை வைத்தானே, அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. “மூடு. எங்கப்பாவுக்கு என்ன வாசிக்கணும்னு எங்களுக்குத் தெரியும்” என்று அவன் சொன்னது பின்வரிசைவரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னான்.

உன் கூட்டத்தில் மனுஷன் என்றால் அந்த இப்ராதான். வந்ததும் மத்தளத்தை ஓரமாக வைத்துவிட்டு, பன்றி சுடுவதற்கான குழியைத் தோண்ட எங்கள் ஆட்களோடு மண்வெட்டி பிடித்தான். புளித்த சேப்பங்கிழங்குக் களியை முகம் சுளிக்காமல் தின்றான். கல்லறையில் எங்களிடம் அனுமதி கேட்டுவிட்டு, அவன் ஊரில் செத்தவர்களுக்குப் பாடுவதைத் தனியாகப் பாடினான். ஒரு வார்த்தை யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் அழுதோம். அவன் எதையும் எதோடும் கலக்கவில்லை, லோபாகா. அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நீ இதைக் கற்கவில்லை.

பந்தியில் போதகரிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. “மாமா போயிட்டாரு. ஆனா அவரு சுதி என் கையில இருக்குங்க. அத உலகம் பூரா எடுத்துட்டுப் போவேன்.” போதகர் உன் கையைப் பிடித்துக்கொண்டு உருகினார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஆகவே இதைத் தெரிந்துகொள்.

உன் கையில் இருப்பது அப்பாவின் சுதி இல்லை. மூன்றாவது கம்பியை அரைச்சுரம் ஏற்றித்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தார். “பையன் நல்லவன்தான். வாய்தான் கொஞ்சம் அகலம். இது போதும் அவனுக்கு” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ ரகசியம் ரகசியம் என்று வாசித்தது பக்கத்து வீட்டுக் கழுதைக்கும் சொல்லித் தரக்கூடியது. வானொலியில் உன் பெயர் வரும்போதெல்லாம் நானும் அப்பாவும் சமையலறையில் சிரித்திருக்கிறோம்.

இனி எங்கள் குடும்பப் பெயரை உன் அட்டைகளில் போடாதே.

லெய்மோமி

*

நாஹா, ஒகினாவா,
2 ஜூன் 1997

லெய்மோமி,

தெரியும்.

நம் கல்யாணமான மறுவருஷம், அந்தச் செம்பட்டைக் குதிரை குட்டி போட முடியாமல் இரண்டு நாள் தவித்ததே. உன் அப்பா லாயத்துக்குள் உட்கார்ந்து அதற்கு வாசித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வாளியோடு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் வாசித்தது எனக்குக் கொடுத்தது இல்லை என்று முதல் மீட்டலிலேயே தெரிந்துவிட்டது. எந்தக் கம்பி, எவ்வளவு இறக்கம் என்பதும் தெரிந்தது. காது ஒன்றுதான் எனக்குக் கடவுள் ஒழுங்காகக் கொடுத்தது. வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

அந்தச் சுதியை நான் ஒரு மேடையிலும் வாசித்ததில்லை. ஒத்திகையில் இல்லை, இப்ராவின் முன்னால்கூட இல்லை. வாய் அகலமானவன் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்தது போலி. அதை நான் உலகத்துக்குக் கொடுத்தேன், ரகசியம் என்று பெரிய எழுத்தில் அச்சடித்து. உங்கள் சரக்கு, உங்கள் முத்திரை. யாரும் உண்மையானதைத் தேடி உங்கள் வாசலுக்கு வரவில்லையே, அதற்காவது நன்றி சொல்லலாம்.

உங்கள் சிரிப்பு கூடம்வரைக்கும் கேட்கும், லெய்மோமி. பலகை வீடுதானே.

உன் அப்பா சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை. அவர் என்னைப் பெற்றவரில்லை. நீ சொல்லுவாய் என்று காத்திருந்தேன். ஒரே பாயில் படுத்தவள், என்றைக்காவது, “அந்த மூணாவது கம்பிய கொஞ்சம் இறக்கிக்கோ” என்று போகிற போக்கில் சொல்லுவாய் என்று. நீ சொல்லவில்லை. வங்காளத்தில் காலையில் சந்தித்த ஒருவர் டீ ஆறுவதற்குள் தன் குருவிடம் வாங்கியதை எனக்குப் பாடிக் காட்டினார். இப்ராவின் அம்மா என்னை மகனே என்று கூப்பிட்டுத்தான் சோறு போட்டாள். கொடுக்கிறவர்கள் இருக்கிற இடத்துக்குப் போனேன். அதை நீங்கள் கலப்படம் என்கிறீர்கள்.

உங்கள் பெயரை இனிப் போடமாட்டேன். வைமேயாவுக்கும் வரமாட்டேன்.

லோபாகா

*

வைமேயா,
30 ஜூன் 1997

லோபாகா,

உன் கடிதத்தைப் பிலிபோவுக்குப் படித்துக் காட்டினேன், அவனும் சிரிப்பான் என்று நினைத்து. அவன் சிரிக்கவில்லை. “மூணாவது கம்பியில என்ன?” என்று கேட்டான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. கிதாரைக் கொண்டுவந்து, அப்பா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபடி கம்பிகளைத் தளர்த்திக் காட்டினான். உனக்குக் கொடுத்ததேதான். பெற்ற மகனுக்கும் அதையேதான் கொடுத்திருக்கிறார்; உண்மையானதை எனக்கு மட்டும்தான் சொல்லித் தந்திருக்கிறார். அவனும் எங்களோடு சமையலறையில் நின்று சிரித்திருக்கிறான், எதற்கென்று தெரியாமலே. உன் மேடைக் கோமாளித்தனத்துக்குச் சிரிக்கிறோம் என்று நினைத்தானாம்.

உட்கார், இப்போதே சொல்கிறேன் என்றேன். அவன் எழுந்துவிட்டான். “தெரிஞ்சும் இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தவ நீ. உங்கிட்ட நான் கேக்கமாட்டேன். அவன் வந்து சொன்னா கேட்டுக்கறேன்.” போய் வேலிக்கம்பி கட்டிக்கொண்டிருந்தான். மழை பெய்தும் உள்ளே வரவில்லை.

அவன் சம்மதித்திருந்தாலும் நான் வாயால்தான் சொல்லியிருக்க முடியும். போன வருஷத்திலிருந்து என் இடதுகை விரல்கள் மடங்குவதில்லை. வைத்தியர் இனி மடங்காது என்கிறார். நீ வந்திருந்தபோது கையைச் சால்வைக்குள் வைத்திருந்தேன். ஆகவே அப்பாவின் சுதி இந்த உலகத்தில் இப்போது ஒரே ஒரு ஜோடிக் கையில்தான் இருக்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் இலைமாலை போட்டுக்கொண்டு பாறைமேல் நிற்கிறவன். என் அப்பாவுக்கு இதைவிடப் பெரிய கேவலம் நேர்ந்திருக்க முடியாது. அவராகத் தேடிக்கொண்டது.

உன் இசை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதில் மாற்றமில்லை.

பிலிபோ உன்னை எதிர்பார்க்கிறான். வருவதானால் தேதியை அவனுக்கு எழுது. அவன் இப்போது என்னோடு பேசுவதில்லை, கேட்டாலும் சொல்லமாட்டான். அதனால் எனக்கும் ஒரு வரி போடு.

லெய்மோமி