மேட்டூரில் நீந்தியவன்

மாப்ளே,

நேற்று செவ்வாய்ப்பேட்டைக்கு வந்திருந்தேன். உன் வீட்டுக்குத்தான் கிளம்பினேன். கருவாட்டுக் கடைச் சந்தில் கால் நின்றுவிட்டது. காலையில் பெய்த மழையில் மூட்டைகள் நனைந்து கிடந்தன. ஒரு டவுன் பஸ் வேறு புகையைக் கக்கிவிட்டுப் போனது. நனைந்த கருவாடும் டீசலும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும்! ஆட்டோக்காரர் ஒருவர் "ஓரமா நில்லுங்கண்ணா" என்று சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "கவுண்டரு மறுபடியும் கடலுக்குப் போயிட்டாருடோய்" என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பாய்.

நம்மைக் கடலுக்கு யார் கூப்பிட்டார்கள், சொல்லு? ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்கு போர் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாம். மழைக்காலம் வந்தால் யாரும் போர் போட மாட்டார்கள். வண்டி ஷெட்டில் நிற்கும், நாம் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக் கிடப்போம். அந்த வருஷம் உன் சித்தப்பாவுக்குக் கருவாடு அனுப்புகிற நாகப்பட்டினத்துக்காரர், விசைப்படகில் ஆள் குறைகிறது என்று சொல்லியிருக்கிறார். நீ உடனே பஸ் ஏறி சேந்தமங்கலத்துக்கே வந்துவிட்டாய், என் அம்மாவிடம் பேச.

"இவன் தண்ணியில எறங்குனதே இல்லீயே சாமி" என்று அம்மா பதறினாள். அவள் சொன்னது மெய்தான். எங்கள் தோட்டத்துக் கிணறு நான் பிறப்பதற்கு முன்பே வற்றிவிட்டது. அப்பா குட்டிக்கரணம் அடித்த கிணற்றை நான் எட்டிப் பார்த்ததோடு சரி. "கடலுன்னா என்னம்மா, நம்ம ஏரி மாதிரிதான், கொஞ்சம் பெருசு" என்றாய் நீ. அம்மா உனக்கு மோர் கொடுத்தாள், எனக்கு விபூதி பூசிவிட்டாள்.

படகு ஓட்டுகிறவருக்கும் டிரைவர் என்றுதான் பேர் என்று தெரிந்ததும் உனக்கு ஒரே கொண்டாட்டம். "டிரைவருன்னா கிளீனரு வேணுமில்ல, அதான் நாம" என்றாய். கரை மறைவதற்குள் கிளீனர்கள் இரண்டு பேரும் காலி. முதலில் குடித்த கஞ்சி வந்தது, பிறகு பித்தம் வந்தது, அதற்கப்புறம் வெறும் சத்தம்தான் வந்தது. நீயும் என்னோடு சேர்ந்து வாந்தி எடுத்தாய். ஆனால் ஒவ்வொரு தடவையும் வாயைத் துடைத்துக்கொண்டு, "மீனுக்கும் பசிக்குமில்ல" என்பாய். எனக்கு உன்னைத் தள்ளிவிடலாமா என்று இருக்கும்.

கடைசியில் ஒரு மத்தியானம் வாடைக்காற்று இறங்கியது. படகின் மூக்கு மேலே ஏறும்போது வானம் மட்டும் தெரிந்தது. கீழே விழும்போது பல்லெல்லாம் அதிர்ந்தது. கொல்லிமலை வளைவில் பிரேக் இல்லாமல் இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றாய். இறங்குவதோடு விட்டால் பரவாயில்லையே, மறுபடியும் ஏறித் தொலைக்கிறதே!

நான் என்ன செய்தேன்? லோடு மேல் படுத்துத் தூங்குகிறவன் விழாமல் இருக்க இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வான் இல்லையா, அந்த லாரிக்காரப் புத்திதான். டிரைவர் அறைக்குப் பின்னால் இருந்த இரும்புக் கம்பத்தோடு என்னைச் சேர்த்து வரிந்து கட்டிக்கொண்டேன். நம்மூரில் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

டிரைவர் பார்த்துவிட்டுக் கத்தினார். "யாருடா அவன்? அவுருடா கயித்த! படகு கவுந்தா கூடவே அடிக்குப் போயிருவ! இன்ஜின் ரூம்ல தண்ணி ஏறுது, எறைக்க ஆளு வேணும்!"

"மாட்டேனுங்க! எனக்கு நீச்சல் தெரியாதுங்க!" என்று நானும் கத்தினேன்.

தவழ்ந்து வந்தாய் நீ. சாகப் போகிற நேரத்திலும் 'ங்க' போடுகிறானே என்று ஒரு கிண்டல் செய்துவிட்டு, என் மோவாயைப் பிடித்து உன் பக்கம் திருப்பினாய்.

"இங்க பாரு மாப்ள. நீ உழுந்தா நான் குதிச்சுத் தூக்கிருவேன். மேட்டூர் டேம்ல நீஞ்சினவன்டா நானு. இதெல்லாம் எனக்கு ஒரு தண்ணியா? அவுரு."

உன் முகத்தில் பயம் என்பது மருந்துக்கும் இல்லை. நான் நம்பினேன். முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்ததால் நீதான் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாய். அதற்கப்புறம் பொழுது சாயும் வரைக்கும் இரண்டு பேரும் இன்ஜின் ரூமிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினோம். ஒவ்வொரு அலை அடிக்கும்போதும் நான் உன்னைப் பார்ப்பேன். நீ தலையை ஆட்டுவாய். காற்று அடங்கிய பிறகு டிரைவர் வந்து, "இன்ஜின் நின்னிருந்தா இந்நேரம் ஒருத்தரும் இல்லப்பா" என்று சொல்லி நமக்கு டீ போட்டுக் கொடுத்தார். அந்த டீயும் என் வயிற்றில் தங்கவில்லை.

கரைக்கு வந்ததும் நான் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன், நீ பரோட்டாக் கடையைத் தேடினாய். திரும்ப ரிக், திரும்ப ஊர் ஊராக அலைச்சல். பிறகு நீ லாரிக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்தாய், நான் மரவள்ளிக் கிழங்கு ஏவாரத்தில் விழுந்தேன். போன தை மாதம், வாழப்பாடியில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது உன் தம்பி கூப்பிட்டான். நெஞ்சு வலி என்று நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லையாம். இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவாய்? இன்னமும் கிழங்கு விலை இறங்கினால் உன் நம்பருக்குத்தான் கை போகிறது. உன் நையாண்டிக்கு ஏங்கிப்போய்க் கிடக்கிறேன் மாப்ளே. என்னைத் திட்டவாவது ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன்.

அந்தச் சந்திலிருந்து உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டம்மா ஜமீலா சேமியாப் பாயசம் கொடுத்தாள். உன்னைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? கருவாட்டு வாடையில் ஆரம்பித்துக் கடல் கதையைச் சொன்னேன். மேட்டூர் டேமில் நீந்தினவன் என்று நீ சொன்ன இடம் வந்ததும் அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவங்களா? நீச்சலா? நிக்கா முடிஞ்ச புதுசுல ஒகேனக்கல் போனோம்ணா. முட்டிக்கு மேல தண்ணியில எறங்க மாட்டேன்னுட்டாங்க. சின்ன வயசுலருந்தே தண்ணின்னா பயமாம். மேட்டூருக்குப் போனதெல்லாம் மீன் வறுவல் திங்கத்தான்."

சிரித்தேன். திருட்டுப் பயலே, கடைசி வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று சிரித்தேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பாவம் ஜமீலா, தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் உன்னோடு சண்டைதான். விழுந்தால் தூக்க ஒருத்தன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தானே இத்தனை வருஷம் எல்லாவற்றிலும் இறங்கினேன்? அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, ஏவாரம் கவிழ்ந்தபோது, மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்தபோது, எல்லாம் அந்தத் தைரியம்தானே? அது பொய் என்று ஆகிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் தைரியமும் போயிருக்க வேண்டும். போகவில்லை மாப்ளே, முன்னைவிடக் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

ராசிபுரம் தாண்டும்போதுதான் ஏன் என்று விளங்கியது. அன்றைக்கு நான் விழுந்திருந்தால் உனக்கு நீச்சல் தெரியாது என்பதே உன் ஞாபகத்துக்கு வந்திருக்காது. நீ குதித்திருப்பாய்.