முன்வரிசை ஓரத்தில் கேட்டது

மந்தைவெளி,
அக்டோபர் 14

அன்புள்ள நஸ்ருவுக்கு,

மே மாதம் அடையாறில் அந்தக் கச்சேரி கேட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "ஷீலா, இது ரெக்கார்டா கிடைக்குமா?" என்றாய். நான் யோசிக்காமல் கிடைக்கும் என்றேன். இந்தக் காலத்தில் எதுதான் கிடைக்காது என்று வேறு சொல்லிவைத்தேன். அந்த வாய்க்கொழுப்புக்கு இன்றுவரை அலைந்துகொண்டிருக்கிறேன்.

நீ ஏன் கேட்டாய் என்பதை மறக்கவில்லை. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உன் காதில் குடியேறிய இரைச்சலை நீ எனக்கு விளக்கியது நினைவிருக்கிறது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அது விசிலாகவும் ஆகாமல், அடங்கவும் செய்யாமல், ராத்திரி பகலாக நின்றுகொண்டே இருப்பது போல என்றாய். அன்று அந்த ஹாலில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் உனக்கு அது கேட்கவில்லை. ஆட்டோவில் நீ வாயே திறக்காமல் வந்தாய். தலைவலி என்று நினைத்தேன். பாலம் ஏறியதும், "வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகுதான் கேள்வி.

அடுத்த வாரமே தல்ஹா, அம்மா இனி என்னோடுதான் இருக்க வேண்டும் என்று உன்னைக் கனடாவுக்கு அழைத்துப்போய்விட்டான். போனைக் காதில் வைத்தால் இரைச்சல் கூடுகிறது என்கிறாய். அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் புதிதல்ல. என் விடைத்தாள் கட்டுகளுக்கு மார்க் கூட்டிச் சரிபார்த்தவளே நீதானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாடி வீட்டு அறிவு உனக்கு நினைவிருப்பான். பகலில் பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் நண்பன் காஷிஃபைக் கூட்டிக்கொண்டு வயரும் பெட்டியுமாக உட்கார்ந்து, 'ஈரச்சுவர்' என்ற பெயரில் வாசிக்கிறான். வாசிப்பது என்று அவன்தான் சொல்கிறான். என் வீட்டுச் சீலிங் அதிர்கிறது என்று நான் சண்டைக்குப் போனபோது, சமாதானத்துக்குக் கொடுத்தவைதான் அந்த இரண்டு பாஸும். இசை கேட்கும் ஆசையில் நாம் போகவில்லை. ஏ.சி. ஹால் என்று போட்டிருந்ததால் போனோம். போன அன்று அந்த ஏ.சி.யும் வேலை செய்யவில்லை.

இதுவரை இணையத்தில் அவர்கள் வெளியிட்ட மூன்று ஆல்பங்களையும் உனக்கு அனுப்பிவிட்டேன். முதலாவதற்கு உன் பதில், "இல்லை." இரண்டாவதற்கும், "இல்லை." மூன்றாவதற்கு, "இது யாரு?" நஸ்ரு, நீ தமிழ் டீச்சர். ஐந்து மார்க் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் விடை எழுதிய பிள்ளைகளை வராந்தாவில் நிற்க வைத்தவள். எந்த இடத்தில் இல்லை, எது குறைகிறது என்று இரண்டு வரி எழுதினால் நான் தேடுவதற்கு வசதியாக இருக்கும்.

அறிவிடம் கேட்டால் அவன் அதற்கு மேல் இருக்கிறான். "லைவ்னா லைவ்தான் டீச்சர், ஒவ்வொரு வாட்டியும் வேற மாதிரி வரும்" என்கிறான். ஒருமுறை வந்தது மறுமுறை வராதென்றால் அதை உங்கள் பாட்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அதான் கான்செப்டே என்றான். நான் பிசிக்ஸ் நடத்தியவள். ஒரே சோதனைக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விடை வந்தால் லேப் நோட்டில் கையெழுத்தே போட மாட்டேன்.

ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. அதே மாலை, அதே கச்சேரியை காஷிஃப் பதிவு செய்து வைத்திருக்கிறானாம். மைக் வைத்துப் பிடித்ததல்ல. அவர்களுடைய பெட்டியிலிருந்து வயர் வழியாகவே நேராக எடுத்தது. ஒரு தும்மல்கூட அதில் இல்லை என்று பெருமையாகச் சொன்னான். இந்தக் கடிதத்தோடு அதை அனுப்பியிருக்கிறேன்.

இன்றிரவு படுக்கும் முன் கேள். தூங்கிவிட்டால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். பதில் வராவிட்டால் சந்தோஷப்படுவேன்.

உன்
ஷீலா

மந்தைவெளி,
நவம்பர் 9

அன்புள்ள நஸ்ருவுக்கு,

பதில் வந்துவிட்டது.

இந்தமுறை இரண்டு வரி கேட்டதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். ஒற்றை வார்த்தையே தேவலை என்று தோன்றிவிட்டது எனக்கு. ஃபஜ்ர் தொழுகைக்கு நின்றால் ஓதுவது காதில் விழாமல் அந்தச் சீறல்தான் முன்னால் வந்து நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். மாத்திரை போட்டால் பகலெல்லாம் மந்தமாக இருக்கிறது, போடாவிட்டால் விடியும்வரை கண் மூடவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். டாக்டர் போனில் ஏற்றிக் கொடுத்த அருவிச் சத்தம் கழிப்பறைத் தொட்டி நிரம்புவது மாதிரி இருக்கிறது என்பதைப் படித்துச் சிரித்தேன். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் எழுதியிருக்கிறாயே, "அன்றைக்கு நின்றதும் என் கற்பனையாக இருக்கும், நீ தேடுவதை விட்டுவிடு" என்று, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கற்பனை என்று இன்னொரு தடவை எழுதாதே. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த ஒரு மணி நேரம் உன் கை ஒருமுறைகூடக் காதுப் பக்கம் போகவில்லை. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நீ அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. இது நான் கண்ணால் கண்டது. இதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது.

காஷிஃபின் பதிவை நானும் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் கேட்டால் சரிவராதோ என்று தி.நகர் போய் ஒரு நல்ல ஸ்பீக்கர் பெட்டி வாங்கினேன். கடைப் பையன் சினிமாப் பாட்டுப் போட்டுக் காட்டினான். கடையே குலுங்கியது. இதைப் போடப்பா என்று ஈரச்சுவரைக் கொடுத்தேன். அரை நிமிடம் கேட்டான். அவன் முகம் வெளிறிவிட்டது. "மேடம், பெட்டி நல்லாத்தான் இருக்கு, உங்க ஃபைல்தான் கெட்டுப்போயிருக்கு" என்று மேனேஜரையும் அழைத்துவிட்டான். அவர் வந்து, இந்த மாதிரி சத்தம் வந்தால் உடனே ஆஃப் பண்ணிடுங்க, ஸ்பீக்கர் காயில் போய்டும் என்றார். இதற்குப் பாஸ் வாங்கிக்கொண்டு போனவர்கள் நாம் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

நம் பள்ளியில் கணக்கு எடுத்த அனந்தராமன் சார் அன்று கடைசி வரிசையில் இருந்தாரே. அவர் போனில் எடுத்தாராம் என்று கேள்விப்பட்டு மயிலாப்பூர் வரைக்கும் போனேன். "ஆத்துல காமிக்கலாம்னு எடுத்தேன், பாட்டரி போயிடுத்து" என்று நீட்டினார். முன்னால் உட்கார்ந்திருந்தவரின் வழுக்கைத் தலையும், சாரின் இருமலும்தான் இருக்கின்றன. நடுநடுவே அவர், இதை எப்போ ஆரம்பிப்பான் என்று பக்கத்தில் கேட்கிறார். கச்சேரி பாதி முடிந்திருக்கிறது அப்போது.

என் வீட்டில் புதுப் பெட்டியில் வயர் பதிவைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு முழுதும் கேட்டேன். நீ சொல்வது சரிதான். அதே வரிசை, அதே இழுப்பு, ஆனால் அது இல்லை. என்ன குறைகிறது என்று எனக்குத் தோன்றியதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ரயிலில் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு போகும்போது, மரம், வெயில், மரம், வெயில் என்று இமை மேல் விட்டு விட்டு விழும் அல்லவா, அன்று நாம் கேட்டது அந்த மாதிரி இருந்தது. காஷிஃபின் பதிவில் வெயில் மட்டும்தான் இருக்கிறது. மரமே இல்லை.

இதை அறிவிடம் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படி நாங்க எதுவுமே வாசிக்கலயே டீச்சர்" என்றான். வாசித்தவர்களே வாசிக்கவில்லை என்கிறார்கள், கேட்டவள் கற்பனை என்கிறாள், நடுவில் நான் பைத்தியக்காரியாக நிற்கிறேன்.

நேற்று லஸ் சர்ச்சில் உன் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். அதற்கெல்லாம் உன் அல்லா கோபித்துக்கொள்ள மாட்டார். கொஞ்சம் பொறு. அதுவரை நான் அனுப்பிய எதையும் போனிலிருந்து அழித்துவிடாதே.

உன்
ஷீலா

மந்தைவெளி,
டிசம்பர் 3

அன்புள்ள நஸ்ருவுக்கு,

இங்கே நாலு நாளாக மழை. துணி காயவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கிறது, வாசலில் கார்ப்பரேஷன்காரர்கள் பள்ளம் தோண்டிவிட்டுப் போய்விட்டார்கள். இதெல்லாம் எதற்கு உனக்கு என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது.

இன்று காலை தாயம்மா வீடு துடைக்க வந்தாள். நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் ஸ்பீக்கரில் அந்த வயர் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையாவது தடவை என்று கேட்காதே. "இன்னா டீச்சர் இது, மாவு மிசின் மாதிரி கீது, இதுக்கா கதவ சாத்திக்கினு உக்கார்ற?" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள். மழைக்குத் தரை எங்கே காய்கிறது? வழக்கம்போல டேபிள் ஃபேனைத் தூக்கித் தரையில் வைத்துச் சுழலவிட்டு, "காயற வரைக்கும் கால வைக்காத" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

நான் அடுக்களை வாசற்படியில் காபியோடு நின்றேன். தாண்ட முடியாது. எனக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஈரத் தரை. அந்தத் தரையில் ஃபேன்.

நஸ்ரு, மரம் வந்துவிட்டது. மரம், வெயில், மரம், வெயில். அன்று கேட்டது அப்படியே கேட்டது. காபி ஆறும்வரை அசையாமல் நின்றேன். பிறகு ஈரத்தில் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன். மறைந்துவிட்டது. போட்டேன். வந்தது. தாயம்மா எட்டிப் பார்த்து, "சொன்னா கேக்கறியா, வழுக்கி வுழுந்து இடுப்ப ஒடிச்சிக்க" என்றாள்.

இப்போது அந்த ஹாலை நினைத்துப் பார். ஏ.சி. வேலை செய்யவில்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பெரிய ஸ்டாண்டு ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து மேடையோரம் வைத்தார்கள். உனக்கு முழங்கால் வலி என்று நாம் முன்வரிசையின் ஓர நாற்காலிகளில், ஸ்பீக்கருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். ஃபேன் கொண்டுவந்த வேலு என்பவரைக் கூப்பிட்டு, இந்தப் பக்கம் திருப்பி வைப்பா என்று சொன்னது யார்? "ஸ்பீக்கர மறைக்குதும்மா" என்று அவர் தயங்கினார். "மறைச்சா மறைக்கட்டும் நைனா, இங்க உசுரு போவுது" என்றாய் நீ. அவர் சிரித்துக்கொண்டே நகர்த்தி வைத்தார்.

ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தத்தை ஃபேன் றெக்கைகள் நறுக்கி நறுக்கி நம் இருவருக்கு மட்டும் அனுப்பியிருக்கின்றன. மேடையில் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை, அனந்தராமன் சாருக்கும் கேட்கவில்லை, காஷிஃபின் வயருக்கும் தெரியாது. சின்னப் பிள்ளைகள் ஃபேன் முன்னால் வாயை வைத்து ஆ என்று கத்தினால் குரல் துண்டு துண்டாக வருமே, அதுதான் விஷயம். ஒலி பாடம் நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் நானே சொன்ன உதாரணம். அதை மறந்துவிட்டு ஊரெல்லாம் ரெக்கார்டு தேடியிருக்கிறேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

அறிவைக் கீழே கூப்பிட்டு வாசற்படியில் நிறுத்தினேன். கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "நாங்க வாசிச்சத விட இது நல்லா இருக்கே டீச்சர்" என்றான். அடுத்த கச்சேரிக்கு ஃபேன் வைக்கப் போகிறானாம். நஸ்ருன்னிசா டீச்சர் பெயரைப் போட்டுவிட்டு வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

இதனால்தான் உன் இரைச்சல் நின்றதா என்று எனக்குத் தெரியாது. வைத்தியம் நான் படிக்கவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வகுப்பில் டியூப்லைட்டின் ரீங்காரம் எப்போதும் இருக்கும். அறுபது பிள்ளைகள் விட்டு விட்டுப் பேசும்போது நமக்கு அது கேட்பதில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகுதான் கேட்கும். உன் காதும் அன்று கொஞ்ச நேரம் பிள்ளைகளோடு இருந்திருக்கலாம். மறுபடி அப்படி நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடக்காவிட்டால் வேறு தேடுவோம். எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

தல்ஹாவிடம் சொல். அங்கே பனி கொட்டுகிறது, டிசம்பரில் ஃபேனா என்று கேட்பான். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட நினைப்பான். நினைத்தால் நினைக்கட்டும், ஷீலா ஆன்ட்டி சொன்னாள் என்று சொல். அங்கே இதெல்லாம் கோடையில்தான் விற்பார்களாமே. பேஸ்மென்டிலாவது ஒன்று கிடக்கும், தேடச் சொல். காற்று உன் மேல் படும், அதனால் சால்வையை நன்றாகப் போர்த்திக்கொள், காதை மட்டும் மூடாதே. மாத்திரையை நீயாக நிறுத்தாதே, அதை டாக்டர் சொல்லட்டும்.

நாளைக் காலை ஃபஜ்ருக்கு எழுந்து நிற்கும்போது உன் குரல் உனக்கே கேட்க வேண்டும். நான் வேண்டுவது அவ்வளவுதான். அந்தப் பாலத்தை இன்னொரு தடவை உன்னோடு ஆட்டோவில் தாண்ட வேண்டும் என்பதும் இருக்கிறது. அது பிறகு.

இப்போது பேனாவை வைக்கிறேன். நீயும் படித்தது போதும், எழுந்திரு. ஸ்பீக்கருக்கும் உன் நாற்காலிக்கும் நடுவில் ஃபேனை வைத்து, இரண்டாம் நம்பர் வேகத்தில் சுழலவிட்டு, காஷிஃபின் பதிவைப் போட்டுவிட்டு உட்கார்.

உன்
ஷீலா