படியில் வைத்த பரங்கிக்காய்

இன்று காலை கொல்லையில் முதல் பரங்கிக்காயைப் பறித்தேன். காம்பின் பிசின் விரலில் ஒட்டி, அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் காயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இத்தனை காலமாகியும் அந்த அறுப்புப் பண்டிகை ஞாயிறு என்னை விடவில்லை.

முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொடுக்கும் வரிசையில் நீங்கள் இப்படியொரு காயோடுதான் நின்றீர்கள். போதகர் கை நீட்டினார். நீங்கள் கொடுக்கவில்லை. காயைப் பீடத்தின் படியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தீர்கள். பாடிக்கொண்டிருந்த சபை திரும்பிப் பார்த்தது. நெஞ்சுவலியோ என்று நான் பதறி ஓடிவந்தால், நீங்கள் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கிறீர்கள்.

“எங்கங்க போறீங்க?”

“திருமானூருக்கு. தம்பி வூட்டுக்கு.”

“ஆராதனை நடுவுலயா? முடிச்சுட்டுப் போனா ஆகாதா?”

“அவனுக்கு என்மேல மனத்தாங்கல் இருக்குல்ல. காயைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறப்ப அவன் மூஞ்சி வந்துடுச்சு. பெறவு எப்படிக் குடுக்கிறது?”

காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் வசனம் நம் சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். அதைக் கேட்டு ஒரு மனுஷன் அந்த நிமிஷமே கிளம்பிப் போவான் என்று பிரசங்கம் செய்த போதகரே நினைத்திருக்க மாட்டார். அதிலும் நீங்களா? இந்து வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று, அப்பாவின் சவப்பெட்டிக்குத் தோள்கொடுக்க வந்த தம்பியை ஊர் பார்க்கப் பிடித்துத் தள்ளியவர் நீங்கள். அவ்வளவு வீம்பு பிடித்த ஆள்.

பொழுது சாயத் திரும்பினீர்கள். “கதவைத் தெறக்கல. அடுத்த வாரம் போறேன்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். வாராவாரம் போனீர்கள். கதவு திறக்கவேயில்லை. ஒருநாள் காலையில் காபியோடு வந்து எழுப்பினேன், நீங்கள் எழவில்லை. அந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்கள் தம்பி வந்தார். நீங்கள் தள்ளிய அதே தோளைக் கொடுத்தார். “அண்ணன் வாசல்ல வந்து உக்காந்திருக்கும், அண்ணி. நான் உள்ளேருந்து ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் இருப்பேன்” என்று தேம்பினார். அவர் மனைவி நம் வீட்டுக் கேட்டுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். அவளை நான் உள்ளே வா என்று சொல்லவில்லை.

இன்று பண்டிகை. வரிசையில் என் முறை வந்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் மூஞ்சிதான் வந்தது. என்னையும் இப்படி மாட்டிவிட்டுப் போய்விட்டீர்களே. காய் பீடத்தின் படியில் இருக்கிறது. நான் திருமானூர் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், விரலில் இன்னும் பிசின் போகவில்லை. அவள் கதவைத் திறக்காவிட்டால் அடுத்த வாரமும் போவேன்.