பிள்ளைக்கு முன்னால் சொல்லாதது

ஜனவரி 13, செவ்வாய்

பனி. கார்க் கண்ணாடி சுரண்டி விரல் விறைத்துவிட்டது. ஆரபிக்கு இன்று நேர்முகம். ஏழாம் வகுப்பு, தனியார் பள்ளி. கூரையில் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. அவளுக்கு அது போதும். நல்ல பள்ளிகளில் இடம் தேடிக் கொடுக்கும் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனையோ கறுப்பு, பழுப்புப் பிள்ளைகளை இப்படியான வாசல்களுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். இவளைப் போல் ஒருத்தியைக் காணவில்லை.

தகப்பன் தயாபரன் அண்ணைக்கு நேற்றே படித்துப் படித்துச் சொன்னேன்.

"பிள்ளையிலை என்ன பெருமை எண்டு கேப்பினம். நாலு நல்ல விசயம் சொல்லுங்கோ அண்ணை."

"ஓம் ஓம், பிரச்சினையில்லை."

வாங்க: பால், பருப்பு, காருக்கு வாஷர் தண்ணீர்.

ஜனவரி 15, வியாழன்

பள்ளியிலிருந்து போன். அனுமதிப் பொறுப்பாளர் அம்மா. தேன் குரல். பிள்ளை கெட்டிக்காரியாம், ஆனால் வீட்டில் ஊக்கம் குறைவு போலத் தெரிகிறதாம். உடனே அண்ணைக்கு எடுத்தேன்.

"உள்ளுக்கை என்ன சொன்னனீங்கள்?"

"கொஞ்சம் சோம்பல், கணக்கிலை கவனமில்லை எண்டன்."

"வகுப்பிலை அவள்தானே முதலாம் பிள்ளை!"

"பிள்ளை பக்கத்திலை இருக்கேக்கை புகழுறதே, தங்கச்சி? கண்ணூறு பட்டிடும். தலைக்கனமும் வந்திடும்."

அவர் மேல் வந்த கோபம் கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் பள்ளிக்காரர் மேல். ஊக்கம் குறைவாம்! பிள்ளை வானம் பார்க்க வேண்டும் என்று, வேலைக் களைப்போடு நகருக்கு வடக்கே றிச்மண்ட் ஹில் தாண்டி வெளிச்சமில்லாத வெளிகளுக்குக் கார் ஓட்டுகிற மனிதன். குளிருக்குள் அவளுடைய தேத்தண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதன். "அமேசிங், அமேசிங்" என்று வாய் நிறையச் சொன்னால்தான் இவர்களுக்குப் பாசமா? சுவரெல்லாம் "எல்லோரும் வருக" என்று ஒட்டி வைத்திருக்கிறார்கள். வெட்கம் கெட்டதுகள்.

இன்னொரு சந்திப்புக் கேட்டுச் சண்டை பிடித்தேன். தருகிறார்களாம்.

பால் மறந்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

நானும் போனேன், மொழிபெயர்க்க. அண்ணையின் ஆங்கிலம் வேலைக்குப் போதும், மனதில் உள்ளதைச் சொல்லப் போதாது. அதே கேள்வி. அவர் நிலத்தைப் பார்த்தார். ஆரபி அவரைப் பார்த்தாள். கடைசியில் என்னிடம், மெதுவாக:

"பிள்ளையை ஒருக்கா வெளியிலை இருக்கச் சொல்லுங்கோ."

கதவு சாத்தியதும் தொடங்கினார். நிறுத்தவே இல்லை.

"பழைய கண்ணாடி வில்லையளை வைச்சுத் தானே ஒரு தொலைநோக்கிக் குழாய் செய்தவள். சந்திரனை முதல் எனக்குத்தான் காட்டினவள். இந்த நாட்டுக்கு வந்து இத்தினை வருசமா நான் மேலை பாத்ததில்லை, தங்கச்சி. அவள்தான் பாக்க வைச்சவள்."

அழுதுவிட்டார். நான் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன்.

பொறுப்பாளர் அம்மா கண்ணைத் துடைத்துவிட்டு, "இதை அவள் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெளியே ஆரபி பிடித்துக்கொண்டாள். "என்னப்பா சொன்னீங்கள்? டெல் மீ!"

"உன்ர கணக்குப் பிழையளைத்தான்."

சிரித்தாள். கொஞ்சமும் நம்பவில்லை.

பெப்ரவரி 27, வெள்ளி

உறைமழை. வழுக்கி விழப் பார்த்தேன். ஆரபிக்கு இடம் கிடைத்துவிட்டது! அண்ணை போனில் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பின்னேரம் எனக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல். பள்ளியில் பன்முகத்தன்மை விழாவாம். அண்ணை மேடையேறி அன்று சொன்னதை மறுபடி சொல்ல வேண்டுமாம். ஆரபி பக்கத்தில் நிற்க வேண்டுமாம். இணையத்தளத்துக்குப் படமும் எடுப்பார்களாம். அந்த மனிதனின் கண்ணீரும் இப்போது இவர்களுக்கு விளம்பரம்.

அண்ணையிடம் சொன்னேன்.

"பிள்ளைக்கு முன்னாலையோ? உவைக்கென்ன விசரே?"

ஒரு சொல்லும் குறைக்காமல், பைத்தியமா என்றதையும் சேர்த்து, ஆங்கிலத்தில் எழுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டேன்.