பிரிட்ஜுக்குக் கீழே ஒன்பது லாதி

தாராவி
மே 6, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. அத்தானுக்கும் காட்டாதே. படித்த உடனே கிழித்துப் போட்டுவிடு. போன மாதம் உன்னை நெருள் ஸ்டேஷனில் பார்த்துப் பேசியதாகப் பக்கத்து வீட்டு ஷைஸ்தாவின் அம்மா சொன்னார். அவர் தினமும் அங்கே துணிக்கடை வேலைக்குப் போகிறார், அதனால் அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் வீட்டில் யாருக்கும் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியம்தான்.

மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் கீழே படுத்திருக்கிறார்கள். அப்பா ஏணியில் ஏறி வந்தால் தட்டாமல் கதவைத் திறக்க மாட்டார். அவர் தட்டுவதுதான் உனக்குத் தெரியுமே. தரையில் லாதிக் கல் பதித்த பிறகு அடியில் பொக்காக வெற்றிடம் இருக்கிறதா என்று கொத்துக்கரண்டிப் பிடியால் தட்டிப் பார்ப்பது போல இரண்டு தட்டு, கொஞ்சம் காது கொடுப்பது, அப்புறம் ஒரு தட்டு. வீட்டுக் கதவென்றாலும் அப்படித்தான். நீயும் அப்படியே தட்டுவாய். எனக்குத்தான் அந்தப் பழக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். மாட்டுங்காவில் பஞ்சு சார் வீட்டு அடுப்படி வேலை அப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களுடைய பழைய கட்டிடத்தை இடித்துவிட்டுப் பதினான்கு மாடி கட்டியிருக்கிறார்கள். இடிப்பதற்கு முன்னால் பழைய வீட்டு முன்னறை லாதிகளைச் சார் பெயர்த்தெடுத்து வைத்திருந்தார். எண்பது வருடத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக அச்சில் சாயம் ஊற்றிக் கையால் செய்த சிமெண்ட் லாதி. மெரூன், மஞ்சள், கறுப்பு. நான்கு சேர்த்து வைத்தால் ஒரு பூ. அதை இப்போது புது வீட்டு அடுப்படியில் போட வேண்டுமாம். மொத்தம் 164. அடுப்படிக்கு வேண்டியது வரிசைக்குப் பதின்மூன்றாகப் பன்னிரண்டு வரிசை, 156. மீதி எட்டுதான். இந்த மாதிரி இன்னொன்று எங்கே தேடினாலும் கிடைக்காது.

பின்பக்கம் ஒட்டியிருக்கும் பழைய சுண்ணாம்பைச் சுரண்ட எல்லாவற்றையும் நம் வீட்டு வாசலில் இறக்கினார் அப்பா. லீவுதானே என்று வேலை எனக்கு வந்தது. தண்ணீரில் ஊறப்போட்டு மழுங்கின உளியால் சுரண்டு, பூப்போட்ட முகத்தைத் தொடாதே, தண்ணீர் தவிர வேறு எதுவும் படக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ஒன்பது லாதியில் முகத்திலேயே சுண்ணாம்பு கல் மாதிரி ஒட்டியிருந்தது. மூன்று நாள் தேய்த்தும் போகவில்லை. பாத்ரூம் வேலை முடிந்தால் எல்லா சைட்டிலும் ஆசிட் ஊற்றித்தானே கறை எடுக்கிறார்கள்? அப்பாவோடு வேலை முடித்துத் திரும்பிய முத்துசெல்வம் அண்ணன் தன் பையை நம் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் பாட்டில் இருந்தது. ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு போனது. கூடவே சாயமும் போய்விட்டது. மெரூன் இப்போது வெளுத்துப்போன ரவிக்கை மாதிரி இருக்கிறது. தொட்டால் சொரசொரவென்கிறது.

கவிழ்த்து அடுக்கில் நடுவே வைத்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை. இனி என்ன செய்ய என்று சொல்.

நீ போன பிறகு காகிதத்தில் படம் போட்டு ஒவ்வொரு லாதிக்கும் பின்னால் நம்பர் எழுதுவது என் வேலையாகிவிட்டது. அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. "முன்னால போட்ட மாதிரி போடுட்டி" என்பார், அவ்வளவுதான். முன்னால் போட்டது நீ.

பயமாக இருக்கிறது.

ஹரிதா


நெருள்
மே 9

என் ஹரிக்கு,

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம். அதில் "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வரி கிடையாது. லாதி கெட்டதும்தான் அக்கா ஞாபகம் வந்ததாக்கும். போகட்டும், நன்றாக இருக்கிறேன். அத்தானுக்கு இங்கேயே ஒயரிங் வேலை நிறைய வருகிறது. நான் ஒரு டைல்ஸ் கடையில் இருக்கிறேன். வருகிறவர்களுக்கு அளவு கணக்குப் பண்ணிக் கொடுக்கும் வேலை. சிரிக்காதே.

அழாமல் கேள். சாயம் அந்த லாதியில் மேலே ஒரு கால் அங்குலம்தான். ஆசிட் அதைத் தின்றால் திரும்ப வராது. எண்ணெய் தடவினால் இரண்டு நாள் பளபளக்கும், அப்புறம் இன்னும் அசிங்கமாகும். தடவாதே.

பிரிட்ஜ் எங்கே வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள். சாதாரண பிரிட்ஜ் இரண்டடிக்கு இரண்டடி இருக்கும். எட்டங்குல லாதி பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. உன்னுடையதும் ஒன்பது. மீதி எட்டில் கை வைக்காதே, வெட்டும்போது உடைந்தால் அதுதான் வேண்டும். படத்தில் அந்த மூலைக்கு வருகிற நம்பர்களை அந்த ஒன்பதுக்குப் போட்டுவிடு. அப்பா நம்பரைப் பார்த்துத்தான் எடுப்பார். பதித்து முடித்து மேலே பிரிட்ஜ் ஏறிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

இன்னொன்று. பழைய லாதி ஒரு அங்குல கனம், புது வீட்டு டைல்ஸ் அதில் பாதிகூட இருக்காது. கீழ்த் தரையை ஆழமாகக் கொத்தவில்லையென்றால் அடுப்படி வாசலில் படி மாதிரி தூக்கிக்கொள்ளும். அப்பாவுக்குத் தெரியும், ஆனாலும் ஞாபகப்படுத்து. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? முழங்காலுக்குச் சாக்கு போட்டு உட்காருகிறாரா, வெறுந்தரையிலா? அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்பாளா?

என் நம்பர் மாறிவிட்டது. கீழே எழுதியிருக்கிறேன். மனப்பாடம் பண்ணிவிட்டு இதைக் கிழித்துவிடு.

அக்கா


தாராவி
மே 16, இரவு

அக்கா,

நீ சொன்னபடிதான் செய்தேன். இப்போது அது வேறு மாதிரி ஆகிவிட்டது. இதையும் யாருக்கும் காட்டாதே.

தரையை ஆழமாகவே கொத்தினார்கள். கொத்துகிற சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே ஏறி வந்து சண்டை போட்டார். பஞ்சு சாரின் மனைவி ஷ்யாமளா மாமி அவருக்குக் காபி கொடுத்து, "எனக்கும் இந்தச் சத்தம் பிடிக்கலை. வெள்ளை டைல்ஸ் போதும்னுதான் சொன்னேன். இவர் கேட்டாத்தானே? எடுத்துண்டு போறேளா, நூத்தி அறுபத்திநாலு இருக்கு" என்றார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மணலும் சிமெண்டும் போட்டுத் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, நூல் கட்டி, மூன்று நாளில் ஒன்பது வரிசை முடிந்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்விட்டு, அங்கேயே இருந்து காகிதத்தைப் பார்த்து நம்பர் சொல்வேன். முத்துசெல்வம் அண்ணன் லாதியை டப்புத் தண்ணீரில் முக்கியெடுத்து அப்பா கையில் கொடுப்பார். பூ ஒன்றோடு ஒன்று சேரச் சேர மாமியே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று பிரிட்ஜ் மூலைக்கு வந்தோம். தண்ணீரில் முக்கினால் எல்லா லாதியும் நிறம் கூடிப் புதுசு மாதிரி ஆகும். அந்த ஒன்பதும் ஆகவில்லை. நீயும் நானும் இதை யோசிக்கவேயில்லை. அப்பா முதல் லாதியைக் கையில் வாங்கியதுமே ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"ஏல முத்து, இது ஆசிட் தின்ன லாதில்லா?"

"அண்ணாச்சி, நான் தொடவே இல்ல."

"ஒன் பையில பாட்டில் இருக்கா இல்லையா?"

"இருக்கு. வடாலா பாத்ரூம் வேலைக்கு வாங்குனது. இதுக்கு நான் எதுக்கு அண்ணாச்சி ஊத்துதேன்? சுரண்டுனது பிள்ளைதான, பிள்ளையக் கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நம்பர் 119. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சின்னப் பிள்ள மேல பழியப் போடுதியாக்கும்" என்றார் அப்பா. "நீ நாளைக்கு வேலைக்கு வராண்டாம்."

பதினொரு வருடமாக அப்பாவோடு இருக்கிறவர். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். பையை எடுத்துப்போக மறந்துவிட்டார், அப்பாதான் வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

அப்பா பஞ்சு சாரைக் கூப்பிட்டு ஒன்பதையும் வரிசையாக வைத்துக் காட்டினார். சார் ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமிதான், "பிரிட்ஜுக்கு அடியிலதானே போறது? அங்கே யார் பாக்கப் போறா? போடுங்கோ" என்றார். அக்கா, நீ எழுதியது போலவே சொன்னார். லாதி விஷயம் அதோடு முடிந்துவிட்டது. ஆனால் வரும் வழியில் அப்பா, "லாதி போனா போவுது. செஞ்சிட்டு இல்லைங்கான் பாத்தியா, அதான் ஆறமாட்டேங்கு" என்றார்.

இன்று சாயங்காலம் முத்துசெல்வம் அண்ணன் மனைவி பூமாரி அக்கா வந்தார். "மதினி, அவிய பிள்ளையள் மேல சத்தியம் பண்ணுதாவ. அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஏணியில் பாதியில் நின்றிருந்தேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

இப்போது சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். பள்ளிக்கூடத்தை நிறுத்தி வள்ளியூரில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நீ போனபோதே, "சின்னதையாவது ஊர்ல போட்டு வளப்போம்" என்றவர்தானே.

அப்பா சாக்கு போட்டுத்தான் உட்காருகிறார். அம்மா உன்னைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. ஷைஸ்தாவின் அம்மாவிடம் கேட்கிறாள்.

ஹரிதா


நெருள்
மே 17

ஹரி,

ஷைஸ்தாவின் அம்மா பஸ்ஸுக்கு நிற்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் சொன்ன யோசனை தப்பு. லாதியை ஒளிக்க இடம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. முத்து அண்ணன்தான் எனக்கு நூல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்.

போய்ச் சொல்லிவிடு. நாளைக் காலையிலேயே. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அடி விழலாம். வள்ளியூருக்கு அனுப்பினாலும் அனுப்பலாம். அனுப்பமாட்டார் என்று நான் சொன்னால் அது பொய்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அத்தானைப் பற்றி நான் அப்பாவிடம் சொல்லவேயில்லை. எப்படியும் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டு ஒரு விடிகாலையில் கிளம்பிவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். ஒரு நாள் கத்துகிற மாதிரி தோன்றும், ஒரு நாள் பேசாமல் இருக்கிற மாதிரி தோன்றும். நீ அப்படி யோசித்துக்கொண்டு இருக்காதே.

யோசனை என்னுடையது என்றும் சொல்லிக்கொள். அதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அக்கா


தாராவி
மே 21, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி உனக்கு அனுப்புவேன் என்று தெரியவில்லை. ஷைஸ்தாவின் அம்மா மூலம் போகும் வழி இனி இருக்குமா என்றும் தெரியவில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

சொல்லிவிட்டேன். பதினெட்டாம் தேதி காலை அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "ஆசிட் ஊத்துனது நான்தான்" என்றேன். மிச்சம் எல்லாம் அழுகையில் வந்தது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அடிக்கவில்லை. "ஒம்போதும் போயி கரெக்டா பிரிட்ஜ் மூலையில விழுந்துச்சே, அது ஒன் புத்தியா?" என்று கேட்டார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"பிரிட்ஜ் அளவெல்லாம் ஒனக்குத் தெரியாது. நம்பர் போட்டதப் பாக்கையிலயே நெனச்சேன், முன்னால போட்ட மாதிரி இருக்கேன்னு."

உன் பெயரைச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு முத்துசெல்வம் அண்ணன் வீட்டுக்கு நடந்தார். பையையும் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்று, "முத்து, நான் பேசுனது தப்பு. நீ செய்யல, என் வீட்டுப் பிள்ளதான் செஞ்சிருக்கு" என்றார். சந்தே கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "கையில கிய்ல படலைல்லா பாப்பா?" என்றுதான். அப்புறம், "இனிமே பாட்டில பீரோல வச்சுப் பூட்டிருதேன் அண்ணாச்சி" என்றார். அப்பா சிரிக்கவில்லை. பூமாரி அக்கா அப்பாவுக்கு டீ கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. அது சரிதான்.

இரண்டு பேருமாக மீதி வரிசைகளை முடித்துவிட்டார்கள். ஒன்பதும் பிரிட்ஜுக்குக் கீழே போய்விட்டன. வெட்டும்போது ஒன்றுகூட உடையவில்லை. அப்பா கரண்டிப் பிடியால் 156 லாதியையும் தட்டிப் பார்த்தார். எங்கும் பொக்கு இல்லை. மாமி செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்று, "குளுகுளுன்னுதான் இருக்கு. இவர்கிட்ட சொல்லிடாதீங்கோ" என்றார்.

இன்று சாயங்காலம் வந்ததும் அப்பா, "அவ எழுதுன காயிதத்த எடு" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நீ கிழிக்கச் சொன்னாய், நான் கிழிக்கவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அடியிலிருந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். விளக்குக்குக் கீழே நின்று படித்தார். இரண்டாவது கடிதத்தை நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு முதல் கடிதத்தையும் அம்மாவின் போனையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். கால் மணிநேரம் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். சித்தப்பாவிடம்தான் பேசியிருப்பார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

அம்மா மீன் வாங்கி வந்தாள், செவ்வாய்க்கிழமை நம் வீட்டில் மீன் ஏது? அரிசியும் கூடுதலாக உலையில் போட்டாள். கேட்டதற்கு, "நீ மேல போ" என்றாள். அப்பா இன்னும் சாப்பிடவில்லை. வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். டிவியும் போடவில்லை. இங்கிருந்து ஏணி இடுக்கு வழியாக அவருடைய முட்டி மட்டும் தெரிகிறது. அசையவேயில்லை.

வள்ளியூருக்குப் போய்விட்டால் முகவரி எழுதி அனுப்புகிறேன். அங்கிருந்து தபாலில்

கீழே வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். அப்பா இருந்த இடத்திலேயேதான் இருக்கிறார், எழுந்திருக்கவில்லை. இரண்டு தட்டு. நின்றுவிட்டது. காது கொடுக்கிற மாதிரி. இப்போது ஒரு தட்டு. அக்கா, அது